மூன்று தட்டினால் மூடவும்

"குழாயைத் தட்டினா உங்க பக்கம் கேக்குமா?"

"கேக்கும். இரும்புக் குழாய்தானே."

"அப்ப ஒண்ணு பண்ணலாம். எனக்குத் தண்ணி வேணும்னா மூணு தட்டு தட்டறேன். நீங்க உங்க குழாயை மூடிடுங்க."

"நான் மூடிட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க ரெண்டு தட்டுங்க. நான் பிடிச்சு முடிச்சதும் ஒண்ணு தட்டறேன். அப்புறம் நீங்க திறந்துக்கலாம்."

"வேற ஏதாவது சொல்லணும்னா?"

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் குடத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"வேற என்ன சார் சொல்லணும்?"

"ஒண்ணுமில்லை. சும்மா கேட்டேன்."

ஊருக்குத் தண்ணீர் வந்த முதல் நாள், இரண்டு கொல்லைப்புறங்களுக்கு நடுவே நடந்த பேச்சு இது. 'சும்மா கேட்டேன்' என்று அன்று சொன்ன பொய்யைக் குடிநீர்க் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் இன்றுவரை திருத்திச் சொல்லவில்லை. அதற்குள் தலையில் முன்பக்கம் முடி போய்விட்டது. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

அப்போதெல்லாம் தண்ணீர் என்றால் நடைதான். வயலுக்கு அப்பால் இருந்த கிணற்றுக்குக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் வர வேண்டும். மேலிடத்துக்கு மனு மேல் மனு போட்டும் யாரும் எட்டிப் பார்க்காததால், ஊர்க்காரர்களே வீட்டுக்கு ஒரு பங்கு போட்டுச் சங்கம் ஆரம்பித்தார்கள். பங்கு போட முடியாதவர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். கல்லூரி முடித்துவிட்டு வந்து நின்ற நம் ஆளிடம் பேனாவைக் கொடுத்து, "விதியெல்லாம் நீ எழுது" என்றார்கள். அவரும் எழுதினார். ஒரு குடும்பத்துக்கு ஓர் இணைப்பு; இரண்டு குடும்பம் ஒரே குழாயில் இருக்கக் கூடாது. எழுதும்போது இந்த விதி தன் கழுத்துக்கே வரும் என்று அவருக்குத் தெரியாது.

தண்ணீர் வந்த அன்று குழாய்கள் முதலில் கிழவர்களைப் போல இருமின. பிறகு காற்றைக் கக்கின. பிறகு காப்பி நிறத்தில் எதையோ துப்பின. அதற்குப் பிறகு வந்தது தண்ணீர். பெண்கள் குடத்தை மறந்துவிட்டு உள்ளங்கையில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். அதைவிட நல்ல சத்தத்தை அந்த ஊர் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

ஒரே குறை, கடைசியில் இரும்புக் குழாய் போதவில்லை. அதனால் பல இடங்களில் இரண்டிரண்டு வீடுகளுக்கு ஒரு குழாய் என்று ஆனது. செயலாளரின் கொல்லையும் தையல்காரியின் கொல்லையும் முதுகோடு முதுகு ஒட்டியவை. செயலாளர் வீடு பள்ளத்தில். அவர் குழாயைத் திறந்தால் மேலத் தெரு மேட்டில் இருக்கும் அவள் குழாய் வாயை மூடிக்கொள்ளும். தையல்காரி கணவனை இழந்து, ஒரு தையல் மெஷினோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்திருந்த நேரம் அது. தட்டுகிற யோசனை அவளுடையது. ஊரே அதைப் பின்பற்றியது. காலை வேளைகளில் கரண்டியும் சாவியும் வளையலுமாகக் குழாய்களைத் தட்டுகிற சத்தத்தில் தெரு பாத்திரக்கடை மாதிரி இருக்கும்.

சங்கம் வளர வளர ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குழாய் வந்தது. ஒவ்வொரு தட்டாக ஓய்ந்தது. கடைசியில் ஊரில் தட்டுவதற்கு மிஞ்சியது ஒரே ஒரு குழாய்.

செயலாளரின் காலைகள் எல்லாம் ஒரே மாதிரிதான். அவர் கொல்லையில் குளிக்க நிற்பார். தலைக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடுவார். சரியாக அந்த நேரம் பார்த்து, டங், டங், டங்.

தடவிப் பிடித்துக் குழாயை மூடுவார். இடுப்புச் சாவியால் இரண்டு தட்டுவார். நுரை காதுக்குள் இறங்கும், கண் எரியும், நின்றுகொண்டே இருப்பார்.

"இன்னும் முடியலையா அந்தப் பொண்ணு? குடத்தை நிரப்புதா, குளத்தை நிரப்புதா?" என்று சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுப்பாள். அக்காதான் அவருக்கு அம்மாவுக்கு அம்மா, எதிரிக்கு எதிரி.

"நிதானமாப் பிடிக்கட்டும் அக்கா. நமக்கு என்ன அவசரம்?"

"சோப்பு காய்ஞ்சு செதில் செதிலா உதிருதுடா. வெளியில போனா வெள்ளையடிச்ச சுவர்னு ஆடு வந்து உரசும்."

டங்.

அந்த ஒற்றைத் தட்டு கேட்டதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். நல்லவேளை, நுரை அதை மறைத்துவிடும்.

இப்படி இருந்த வாழ்க்கையில்தான் சங்கத் தலைவர் ஒரு நாள் வந்து மண்ணைப் போட்டார். மூச்சு விடுவதற்கும் தீர்மானம் போடுகிறவர் என்பதால் ஊரில் அவருக்குப் பெயரே 'தீர்மானம்'.

"செயலாளரே, புதுத் தொட்டி தயார். பம்பும் பெரிசு. இனி சங்கத்துக்கு ஒரே ஒரு கறைதான் பாக்கி" என்றார், சங்க அலுவலகத்து நாற்காலியில் சாய்ந்தபடி.

"எந்தக் கறை தலைவரே?"

"உங்க வீட்டுக் கறைதான். இன்னும் ரெண்டு குடும்பம் ஒரு குழாயில தொங்குறீங்க. நீங்களே எழுதின விதி, நீங்களே மீறுறீங்க. பிரிச்சிடுவோம்."

செயலாளர் கையில் இருந்த பழைய வால்வுச் சக்கரத்தைக் காகிதங்களின் மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"அவசரமில்லை தலைவரே. முதல்ல ஊருக்குச் செய்வோம். பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு குழாய் வேணும். சந்தையில தொட்டி ஒழுகுது. செயலாளர் தன் வீட்டுக்கே முதல்ல லைன் போட்டுக்கிட்டார்னு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க."

நன்றாகத்தான் சொன்னார். கொஞ்சம் அதிகமாகவே நன்றாகச் சொல்லிவிட்டார். தலைவரின் கண் கலங்கிவிட்டது.

அன்று மாலையே கூட்டம் போட்டார். "இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் தனிக் குழாய் குடுத்துட்டு, தலையில சோப்போட நின்ன மனுஷன்யா இவர்! இப்பவும் எனக்கு வேண்டாம்கிறார். விடலாமா? பள்ளிக்கூடம் பிறகு, சந்தை பிறகு. வர்ற ஞாயிற்றுக்கிழமை முதல் வேலை செயலாளர் வீட்டு லைன்தான். கை தூக்குங்க!"

ஊர் இரண்டு கையையும் தூக்கியது.

மறுநாள் செயலாளர் வேறு பக்கமாகப் போய்ப் பார்த்தார்.

"தலைவரே, அந்த மதிலோரம் அடியில முழுக்கப் பாறை. குழாய்க்காரர் ஒரு ஆளால தோண்டவே முடியாது. பாவம், இடுப்பு போயிடும்."

"ஒரு ஆள் ஏன் தோண்டணும்? முதல் லைனுக்கு யார் தோண்டினது? ஊரே தோண்டிச்சு! இதுக்கும் ஊரே தோண்டும்!"

அவ்வளவுதான், ஊர் பற்றிக்கொண்டது. பரணில் கிடந்த மண்வெட்டிகள் இறங்கின. அந்த நாளில் யார் எவ்வளவு தோண்டினார்கள் என்று பெரியவர்கள் அளந்து விட ஆரம்பித்தார்கள். அன்றைக்குத் தோண்டியவர்களைவிடத் தோண்டியதாகச் சொன்னவர்கள் அதிகம். "அப்ப மாதிரியே எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம்" என்று பெண்கள் பெரிய அண்டாவைத் தேய்த்து வைத்தார்கள். தன் ஒரு குழாயைக் காப்பாற்றப் போய், செயலாளர் ஒரு ஊரின் மலரும் நினைவையே எதிர்த்து நிற்க வேண்டியதாகிவிட்டது.

மிஞ்சியிருந்தது குழாய்க்காரர் ஒருவர்தான். சங்கத்தின் எல்லாக் குழாயும் அவர் கைபட்டது. வேலை இருக்கிறதோ இல்லையோ, வாயில் நாலைந்து வாஷர்களை அடக்கி வைத்திருப்பார். அதனால் ஊரில் அதிகம் தெரிந்தவரும் அவர்தான், குறைவாகப் பேசுகிறவரும் அவர்தான்.

பம்பு அறையில் அவரைப் பிடித்தார் செயலாளர்.

"அந்தப் பழைய லைன் நல்லாத்தானே இருக்கு? இன்னும் பல வருஷம் தாங்கும்னு தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"ம்ம்" என்றார் குழாய்க்காரர். பிறகு என்ன நினைத்தாரோ, வாஷர்களை உள்ளங்கையில் துப்பிவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார்.

"சார், அந்த லைன்ல கை வைக்காம இருக்கறதுதான் நல்லது."

"ஏன்?"

"அதை நான் சொல்லக் கூடாது சார். மனசு சம்பந்தப்பட்ட விஷயம்."

செயலாளர் கதவைப் பாதி சாத்தினார். தெரிந்துவிட்டதா? தன் மனதில் இருப்பது இந்த வாஷர் வாய்க்குத் தெரிந்துவிட்டதா? நாளைக்கு இது தலைவருக்குப் போகும். தலைவர் தீர்மானம் போடுவார். அவள் காதுக்குப் போகும். அவள் தட்டுவதையே நிறுத்திவிடுவாள்.

"மனசா? என்ன மனசு? யார் மனசு?" என்று கத்தினார். "எப்படா பிரிப்பாங்கன்னு நான் துடிச்சுக்கிட்டு இருக்கேன்! தினமும் கண் எரியுது எனக்கு! நாளைக்கே பிரிச்சாலும் சந்தோஷம்தான்!"

குழாய்க்காரர் அவரை வெகு நேரம் பார்த்தார். பிறகு வாஷர்களை மறுபடி வாய்க்குள் போட்டுக்கொண்டு, ஸ்பானரைத் தோளில் வைத்து நடந்தார். எந்தத் திசையில் நடந்தார் என்பதைச் செயலாளர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை. தலைக்குச் சோப்புப் போட்டார். கண்ணை மூடினார். காத்திருந்தார்.

தட்டு வரவில்லை.

இன்னும் கொஞ்சம் சோப்புப் போட்டார். ஒருவேளை தாமதமாக எழுந்திருப்பாளோ? குழாயைத் தானாகவே மூடி வைத்து இரண்டு தட்டினார். பதில் இல்லை. மூன்று தட்டிப் பார்த்தார். அதற்கும் இல்லை. 'ஏன்' என்று கேட்க எத்தனை தட்டுவது என்று அன்றைக்கே பேசி வைத்திருக்கலாம்.

"குழாய் என்னடா பாவம் பண்ணிச்சு, போட்டு அடிக்கறே?" அக்கா வாசற்படியில் வந்து நின்றாள். தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னைக்காவது முழுசாக் குளி. யாரும் தடுக்கலையே."

முழுசாகக் குளித்தார். அவர் வாழ்க்கையிலேயே மோசமான குளியல் அது.

அதற்கடுத்த நாளும் அப்படியே. அவர் நாள் முழுதும் தன் குழாயைத் திறக்காமல் வைத்திருந்தார், அவளுக்குத் தண்ணீர் வரட்டும் என்று. மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தபோது அவள் கொல்லைக் குழாயடி காய்ந்து கிடந்தது, கொடியில் மட்டும் துணி ஈரமாகத் தொங்கியது. தன்மேல் கோபத்தில் பழைய கிணற்றுக்கு நடக்கிறாளோ? வயல் தாண்டிக் கிணற்றுக்கு ஓடினார். அங்கே தவளைகள் இருந்தன. அவை அவரைப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் குதித்தன.

திரும்பி வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றை அளைந்துகொண்டிருந்தார்.

"இங்க பாரு" என்றாள் அக்கா, குழம்புக் கரண்டியோடு. "இத்தனை வருஷமா நீ சோப்போட நிக்கறதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஊருக்குத் தண்ணி குடுக்கத் தெரிஞ்சவனுக்கு ஒரு வார்த்தை கேக்கத் தெரியலை. கேட்டா என்ன, கடிச்சா வெச்சிடுவா?"

"இல்லைன்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும். அப்பவும் நான் சோறு போடத்தானே போறேன்?"

"இல்லைன்னு சொல்லிட்டா, அப்புறம் தட்டவே மாட்டா அக்கா."

"இப்ப மட்டும்?" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செயலாளரின் கொல்லையில் ஊர் நின்றது. மண்வெட்டி, கடப்பாரை, கூடை. தோண்டுவதற்காக நடுவில் இடித்திருந்த மதில் வழியே அந்தப் பக்கத்துக் கொல்லையும் தெரிந்தது. அங்கே ஒரு நாற்காலியில் தையல்காரியின் அப்பா உட்கார்ந்திருந்தார். காது மந்தம், அதனால் உலகமே மெதுவாகப் பேசுவதாக அவருக்கு ஒரு வருத்தம். பக்கத்தில் அவள் நின்றிருந்தாள், கழுத்தில் அளவு நாடாவோடு. செயலாளர் பக்கம் திரும்பவில்லை. புதுக் குழாயை மடியில் வைத்தபடி குழாய்க்காரர் ஓரமாகக் குந்தியிருந்தார். வாய் நிறைய வாஷர்.

கை தூக்காமல் மண்வெட்டி தூக்கக் கூடாது என்பது சங்கத்தின் முதல் நாள் வழக்கம். தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு இணைப்பில ரெண்டு குடும்பம் இருக்கக் கூடாதுங்கற விதிப்படி, இந்தக் குழாயைப் பிரிக்கத் தீர்மானம். சம்மதிக்கறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. தையல்காரியின் கை மெல்ல, பாதிவரை எழுந்தது. அந்தப் பாதிக் கையைப் பார்த்ததும் செயலாளர் ஓரடி முன்னால் வந்தார்.

"ஆட்சேபணை!"

சங்க வரலாற்றில் யாரும் சொல்லாத வார்த்தை. தலைவர் திடுக்கிட்டு, யார் சொன்னது என்று பின்னால் பார்த்தார்.

"இங்கதான் தலைவரே. நான்தான்."

"நீங்களா? உங்க வீட்டுக் குழாய்க்கு நீங்களே ஆட்சேபணையா? விதி எழுதினதே நீங்கதானேய்யா!"

"அதான் சொல்றேன். ரெண்டு குடும்பம் இருக்கக் கூடாதுன்னுதான் எழுதினேன்." அவர் குரல் குழாயில் காற்று வந்த மாதிரி விட்டு விட்டு வந்தது. "ரெண்டு குடும்பமா இருந்தாத்தானே? ஒரே குடும்பமா... ஆயிட்டா..."

யாரோ கூடையைக் கீழே வைத்தார்கள்.

"என்னம்மா சொல்றான்?" என்று கத்தினார் நாற்காலிப் பெரியவர். "ஒரு எழவும் கேக்கலை! சத்தமாச் சொல்லச் சொல்லு!"

அக்கா சமையலறை ஜன்னலில் இருந்து கரண்டியை ஆட்டினாள். சொல்லு, சொல்லு.

செயலாளர் இடிந்த மதில் வரை நடந்தார். அவள் முகத்தைப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

"அன்னைக்கு வேற ஏதாவது சொல்லணும்னா என்ன பண்றதுன்னு கேட்டேனே, அது சும்மா கேக்கலைங்க. இதைச் சொல்லத்தான் கேட்டேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா? குழாய்க்காக இல்லை. குழாயைப் பிரிச்சாலும் பரவாயில்லை. உங்க தட்டு கேக்காம எனக்குக் குளிக்கவே பிடிக்கலை."

அவள் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தாள், சுருட்டினாள், திரும்பி வீட்டு ஓரமாக நடந்து மறைந்தாள். நாற்காலிப் பெரியவர், "எங்க போறா?" என்றார். தலைவருக்கே ஒரு தீர்மானமும் தோன்றவில்லை. செயலாளர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

டங். டங்.

ஊர் குழாயைப் பார்த்தது. செயலாளர் நிமிர்ந்தார். இரண்டு தட்டு என்றால், கேட்டதற்குச் 'சரி' என்று அர்த்தம். இத்தனை வருடங்களில் அந்த இரண்டு தட்டை அவர் மட்டும்தான் தட்டியிருக்கிறார்.

பிறகு எழுந்த சத்தத்தில் தவளைக் கிணறு வரை அதிர்ந்திருக்கும். மண்வெட்டிகள் ஆகாயத்தில் ஆடின. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அண்டாவை ஏத்துங்கடி!" என்று கத்தினாள். தையல்காரி கையில் ஸ்பூனோடு, சிவந்த முகத்தோடு திரும்பி வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"தீர்மானம் ரத்து!" என்று முழங்கினார் தலைவர். "இனி ஒரே குடும்பம், ஒரே குழாய். யாரும் அதைப் பிரிக்கக் கூடாது!"

அப்போது ஓரத்தில் குந்தியிருந்த குழாய்க்காரர் எழுந்தார். வாயிலிருந்த வாஷர்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினார்.

"பிரிக்கறதுக்கு அங்க என்ன இருக்கு தலைவரே? சார் பயிற்சிக்குன்னு வெளியூர் போயிருந்தப்ப, மேலத் தெரு முழுசுக்கும் தனிக் குழாய்னு நீங்க தீர்மானம் போட்டீங்களே, இந்தத் தையல்கார அக்கா வீட்டு வாசல் மேலத் தெருதானே. அப்பவே அடுக்களைக்குத் தனி லைன் குடுத்துட்டு, இந்தப் பழைய குழாயை அவங்க பக்கம் அடைச்சாச்சு. சொட்டுத் தண்ணி வராது. பிடுங்கித் தரேன்னு சொன்னேன், இவங்கதான், 'தட்டறதுக்கு வேணும், விட்டுடுங்க'ன்னாங்க."